மூன்று போனிலும் அதே நெளிவு

ஜூன் 3, செவ்வாய்

இந்தப் போன் இன்றைக்கு என் பொறுமையைச் சோதித்துவிட்டது. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் செண்பகம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கம்பெனி வாசலில் நிற்கிறாளாம். வாசல் தெரிகிறது, நிற்கிற ஆளும் தெரிகிறது, முகம் மட்டும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் அலைகிறது. எழுத்தும் அப்படித்தான், நடுவில் உள்ள வரி நெளிகிறது. நாலைந்து வருஷம் உழைத்த போன். ஸ்கிரீன் போய்விட்டது.

அவளிடமே சொன்னேன். "புதுசு வாங்குங்கப்பா, நான் பணம் போட்டு விடுதேன். ஆனா கண்டதையும் வாங்கிராதீங்க. எதுல என்ன இருக்குன்னு எழுதி வச்சுப் பாத்து வாங்குங்க" என்றாள். இவள் எனக்குச் சொல்லித் தருகிறாள்! தென்காசியில் பாதிப் பேருக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிக்கொடுத்தவன் நான். கோமதி டிரைவிங் ஸ்கூல் கோமதிநாயகம் மாஸ்டர் என்றால் குற்றாலம் வரைக்கும் தெரியும். ஒரு வண்டி மேட்டில் திணறும் சத்தத்தை வைத்தே எத்தனையாவது கியர் என்று சொல்வேன். போன் என்ன பெரிய இது?

ஆனாலும் எழுதி வைப்பது நல்லதுதான். உரக்கடை முருகையா புதுவருஷத்துக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

சர்க்கரை மாத்திரை தீர்ந்து சில நாள் ஆகிறது. வாங்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள கடைக்குப் போனேன். பர்வீன் என்று ஒரு பெண். நல்ல வாய்.

"சார், பட்ஜெட் போன் வேணுமா, மிட் ரேஞ்ச் வேணுமா?"

"வித்தியாசத்தைச் சொல்லும்மா, பிறகு பாப்போம்."

இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்று பன்னிரண்டாயிரம், ஒன்று இருபத்தைந்தாயிரம். பார்த்தால் இரண்டும் கூடப் பிறந்தவை மாதிரிதான் இருந்தன.

"பேட்டரி ரெண்டுலயும் ஒண்ணுதான் சார். ஆனா விலை குறைஞ்சது சார்ஜ் ஏற ரெண்டு மணி நேரம் எடுக்கும். இது நீங்க குளிச்சு சாப்பிட்டு வாரதுக்குள்ள ஏறிரும். கேமரா ரெண்டுலயும் ஐம்பது மெகாபிக்சல்னு போட்டிருப்பான். அதுல கை நடுங்குனா படம் கலங்கிரும், இதுல நடுக்கத்தை போனே சமாளிச்சுக்கும். ரேம் அதுல நாலு, இதுல எட்டு. நாலு ஜிபி இப்போ நல்லா ஓடும் சார், ஒரு வருஷம் போனா மூச்சு வாங்கும்."

"டிஸ்பிளே?"

"அது எல்சிடி. இது அமோலெட். உச்சி வெயில்ல நின்னு பாத்தாலும் பளிச்சுன்னு தெரியும். இன்னும் மேல போனா வளைஞ்ச டிஸ்பிளே இருக்கு, அது முப்பதைத் தாண்டிரும்."

நான் என்ன சினிமாவா எடுக்கப் போகிறேன்? அழைப்பு வர வேண்டும், வாட்ஸ்அப் பார்க்க வேண்டும், டெஸ்ட் தேதி பார்க்க வேண்டும். பன்னிரண்டாயிரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரி உலகம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. மாத்திரையும் அப்படியே வாங்கிருக்கலாம்லா" என்றாள். ஒரு புதுப் பொருள் வீட்டுக்கு வந்தால் நல்ல வார்த்தை ஒன்று சொல்வாளா, மாட்டாள். முப்பது வருஷமாக இதே கதைதான்.

ஜூன் 6, வெள்ளி

ஏமாற்றிவிட்டார்கள். புதுப் போனிலும் அதே நெளிவு. நட்ட நடுவில், இரண்டு வரி ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கிறது. நேராகக் கடைக்குப் போனேன்.

"ஏம்மா, வளைஞ்ச டிஸ்பிளே முப்பதாயிரம்னு சொன்னே. எனக்கு பன்னிரண்டுக்கே வளைச்சுக் குடுத்துட்டியே!"

பர்வீன் போனை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். "எங்க சார் வளையுது? எனக்கு நேராத்தான இருக்கு?"

விற்ற பிறகு இவர்களுக்கு எல்லாம் நேராகத்தான் இருக்கும். முதலாளி இல்லை, திங்கள் கிழமைக்கு மேல் வரச் சொன்னாள். கடையில் நின்ற நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

ஜூன் 7, சனி

பைபாஸ் ரோட்டில் நடுக்கோடு போட்டிருக்கிறார்கள். பாம்பு போன தடம் மாதிரி கிடக்கிறது. காண்டிராக்ட் எடுத்தவன் வெள்ளை பெயிண்டிலும் கொள்ளையடித்திருக்கிறான்.

ஜூன் 9, திங்கள்

ஜெசிந்தா டீச்சருக்கு இன்று ரோட்டு வகுப்பு. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். தைரியமான ஆள், ஆனால் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் மூச்சை அடக்கிக்கொள்வார். கணவர் வெளிநாட்டில், மாமியாருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். ஆட்டோவுக்குக் காத்துக் கிடந்து அலுத்துப்போய் ஒரு பழைய கார் வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறார். சீக்கிரம் படிக்க வேண்டும் என்று ஒரே அவசரம்.

எங்கள் வண்டியில் இடது சீட்டிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அது என் காலுக்கு. புதிதாகப் படிக்கிறவர்கள் ரோட்டைப் பாதி பார்ப்பார்கள், என் காலைப் பாதி பார்ப்பார்கள். என் கால் சும்மா இருந்தால் ரோட்டில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். இந்தப் பழக்கத்தை நான் கெடுத்ததில்லை. அதில்தான் அவர்களுக்குத் தைரியம் வருகிறது.

கூலக்கடை பஜார் முனையில் டீச்சர் சடக்கென்று நிறுத்திவிட்டார். என் நெற்றி போய்க் கண்ணாடியில் இடித்திருக்கும்.

"எதுக்கு டீச்சர் நிறுத்துனீங்க? ரோடு காலியாத்தானே கெடக்கு?"

"மாஸ்டர், மொபெட்டுக்காரர் குறுக்க வந்தாருல்லா?"

நான் பார்க்கவில்லை. வந்திருக்கலாம். ஆனாலும் இவர் கொஞ்சம் பதற்றக்காரர்தான். "நான் இருக்கேன்ல, என்னைக் கேக்காம பிரேக்ல கால் வைக்காதீங்க" என்று கண்டித்தேன். சரி மாஸ்டர் என்றார். கணக்கு டீச்சர், சொன்னதைக் கேட்கிறவர்.

ஜூன் 11, புதன்

போன் கடை முதலாளி நல்ல மனுஷன். பன்னிரண்டாயிரத்தில் கொஞ்சம் கழித்துக்கொண்டு, மேலே பணம் வாங்கிக்கொண்டு இருபத்தைந்தாயிரம் போனைக் கொடுத்துவிட்டார். செண்பகம் மறு பேச்சுப் பேசாமல் மிச்சத்தைப் போட்டாள். பிள்ளை என்றால் பிள்ளை.

இதல்லவா போன்! வெளிச்சம் அள்ளுகிறது. விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நூற்றிருபது ஹெர்ட்ஸாம். எழுத்தைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி வைத்துக்கொண்டேன். ஒரு நேரத்தில் நாலு வார்த்தைதான் தெரிகிறது, அதனால் என்ன, நிதானமாகப் படிக்கலாம். விலை குறைந்ததற்கும் கூடியதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். காசு கொடுத்தால்தான் கண்ணுக்குக் குளிர்ச்சி.

நடுவில் லேசாக ஒரு மங்கல். மேலே ஒட்டிய கண்ணாடியைச் சரியாக ஒட்டவில்லை. நாளைக்கு மாற்ற வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

கண்ணாடி மாற்றினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது. சாயங்காலம் போய் இன்னொரு தடவை மாற்றினேன். பர்வீன் காசே வாங்கவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

ஜூன் 14, சனி

வீட்டில் சண்டை.

உலகம்மாள் எதிரே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தேன். மூக்கில் மூக்குத்தி இல்லை. அவள் அம்மா போட்டு விட்ட வெள்ளைக்கல் மூக்குத்தி, கல்யாணத்தன்று பார்த்ததிலிருந்து ஒரு நாள்கூட நான் அவளை அது இல்லாமல் பார்த்தது கிடையாது.

"ஏட்டி, மூக்குத்தி எங்க?"

"என்ன?"

"மூக்குத்தியை எங்கன்னு கேக்கேன். அடகு வச்சிட்டியா? உன் தம்பி வந்துட்டுப் போனான்லா, அவனுக்குத் தூக்கிக் குடுத்துட்டியா?"

வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவளும் சும்மா விடுகிறவள் இல்லை, வழக்கமாக நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வாள். இன்று அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் ஆட்காட்டி விரலைப் பிடித்து அவள் மூக்கில் கொண்டுபோய் வைத்தாள்.

மூக்குத்தி இருந்தது.

கொஞ்ச நேரம் அவள் விரலை விடவில்லை. நான்தான் இழுத்துக்கொண்டேன். அந்த அறையில் டியூப்லைட் சரியில்லை, ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

கடைக்கு நானும் வருகிறேன் என்று உலகம்மாள் பிடிவாதமாகக் கிளம்பி வந்தாள். போனைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? போய் நின்றதும் பர்வீனிடம் என்னமோ குசுகுசுவென்று பேசினாள். பர்வீன் மூன்று போன் எடுத்து வைத்தாள். பன்னிரண்டாயிரம், இருபத்தைந்தாயிரம், கடையிலேயே விலை கூடிய ஒன்று. மூன்றிலும் ஒரே படம். கட்டம் போட்ட கணக்கு நோட்டுப் பக்கம்.

"எதுல கோடு நெளியுது, சொல்லுங்க" என்றாள் உலகம்மாள்.

முதல் போனில் நெளிந்தது. இரண்டாவதிலும் நெளிந்தது. மூன்றாவது எண்பதாயிரமாம், சரி இதில் நேராக இருக்கும் என்று நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். அதே இடத்தில் அதே நெளிவு.

"மூணு போனும் கெட்டுப் போச்சாங்க?"

"கடை லைட்டு அப்படி" என்றேன்.

அவள் முந்தானையை மடித்து என் வலது கண்ணைப் பொத்தினாள். அத்தனை பேர் நிற்கிற கடையில்! கட்டத்துக்கு நடுவில் ஒன்றுமே இல்லை. சாம்பல் அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. பிறகு இடது கண்ணைப் பொத்தினாள்.

"இப்போ?"

"இப்போ நல்லா இருக்கு" என்றேன்.

"நேரா இருக்கா?"

"நேரா இருக்குன்னு சொல்லுதேன்ல."

பர்வீன் மூன்று போனையும் அணைத்து உள்ளே எடுத்து வைத்தாள். இனி போன் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. வாங்கிய போன் நல்ல போன்தான்.

ஜூன் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போவோம் போவோம் என்று உயிரை வாங்குகிறாள். போனால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? வண்டி ஓட்டாதே என்பார்கள். இருப்பது ஒரு வண்டி, அதில் வாத்தியார் நான் ஒருத்தன். நான் இறங்கிவிட்டால் ஸ்கூல் எங்கே? போர்டைக் கழற்றி வாசலில் சாய்த்து வைக்க வேண்டியதுதான்.

ஜெசிந்தா டீச்சருக்கு டெஸ்ட் வருகிறது. அது முடியட்டும், போகலாம்.

ஜூன் 18, புதன்

இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. போனை எடுக்கிறேன், ஒரு கண்ணை மூடுகிறேன், பார்க்கிறேன், மறு கண்ணை மூடுகிறேன், பார்க்கிறேன், வைக்கிறேன். திரும்ப எடுக்கிறேன். பேட்டரி அதனால்தான் சீக்கிரம் இறங்குகிறது. ஒரு நாள் முழுக்க நிற்கும் என்று பர்வீன் சொன்னது சரிதான், போனைக் குறை சொல்வதற்கில்லை.

மாத்திரை வாங்கிவிட்டேன். இரண்டு வேளை போட்டும் நெளிவு போகவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலையில் போனைத் திறந்தேன். ஸ்கிரீனில் ஒரு கறுப்பு முடி. துடைத்தேன், போகவில்லை. சுவரைப் பார்த்தேன், சுவரிலும் அந்த முடி நீந்திக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் மை கொட்டினதுபோல் ஆகிவிட்டது. உலகம்மாள் குழாயடியில் இருந்தாள். சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

டீச்சர் இன்று நன்றாக ஓட்டினார். மூன்றாவது கியர் வரை பயமில்லாமல் போனார். தெப்பக்குளம் தாண்டி, இடது பக்கச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. வந்தது என்று இப்போது எழுதுகிறேன். எனக்கு வண்டியில் டமார் என்று சத்தம் கேட்டது, அவ்வளவுதான் தெரியும். டீச்சர் அலறினார். அதன் பிறகுதான் என் கால் பிரேக்கில் போய் விழுந்தது.

ஒரு சின்னப் பெண். பள்ளிச் சீருடை. சைக்கிள் முன் சக்கரம் எட்டுப் போட்டதுபோல் மடங்கிக் கிடந்தது. பிள்ளை சாக்கடை ஓரமாக மண்ணில் உட்கார்ந்திருந்தாள். முட்டி உரிந்திருந்தது, உதடு கிழிந்திருந்தது. ஆண்டவன் புண்ணியத்தில் அவ்வளவோடு போயிற்று. கூட்டம் கூடிவிட்டது. எல்லாரும் டீச்சரைத் திட்டினார்கள். பொம்பளைக்கு எதுக்கு காரு என்று ஒருத்தன் சொன்னான். டீச்சர் அந்தப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்து, பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சுது மாஸ்டர். சைக்கிள் வாரது எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. உங்க காலைப் பாத்தேன். உங்க கால் அசையவே இல்லை. மாஸ்டர் பிரேக் போடலைன்னா ஒண்ணுமில்லைன்னுதானே நெனச்சேன்."

கூட்டத்தில் நின்று, தப்பு என்னுடையது, டீச்சருடையது இல்லை என்று சொன்னேன். ஏன் என்று யாரோ கேட்டான். நான் குனிந்து சைக்கிளை நிமிர்த்தினேன். பிள்ளையின் அப்பா பஜாரில் பழக்கடை வைத்திருக்கிறார். அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மாஸ்டர், நீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கும் நான்தான் வண்டி கற்றுக்கொடுத்தேன்.

ஜூன் 21, சனி

வண்டியில் ஏறி இடது சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எடுக்கவில்லை. பிறகு இறங்கி, எல்லாருக்கும் போன் செய்து வகுப்பு இல்லை என்று சொன்னேன்.

ஜூன் 23, திங்கள்

திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு விட்டு உட்கார வைத்தார்கள், என்னென்னமோ மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். கடைசியில் டாக்டரம்மா, செண்பகம் வயசுதான் இருக்கும், என் கண்ணின் உள்பக்கத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். சர்க்கரை போய்க் கண்ணின் ரத்தக் குழாயைக் கசிய விட்டிருக்கிறது. இடது கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது.

"எவ்வளவு நாளா கோடு வளைவாத் தெரியுது?"

நான் யோசித்தேன். பக்கத்திலிருந்து உலகம்மாள், "மூணு போன் காலமா" என்றாள். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளும் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தோம்.

கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டுமாம். ஒரு தடவையோடு முடியாது, மாதா மாதம் போட வேண்டும். போன பார்வை முழுசாக வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன், இனிமேல் போகாமல் பார்க்கலாம் என்றார். வண்டிப் பக்கம் போகக் கூடாது. உலகம்மாள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே மருந்துக் கடைக்குப் போனாள். அந்த நேரத்தில் டாக்டர் இன்னும் கொஞ்சம் பேசினார். பொதுவான பேச்சுதான்.

அவள் வந்ததும், வலது கண் எப்படி இருக்காம் என்று கேட்டாள். பரவாயில்லையாம் என்றேன்.

ஜூன் 26, வியாழன்

நேற்று ஊசி போட்டார்கள். இடது கண்ணில் கட்டு. பேனா பிடித்தால் வரி எங்கேயோ போகிறது, எனவே இது கையால் எழுதுவது இல்லை. செண்பகம் காலையில் கூப்பிட்டு ஒரு வழி சொன்னாள். மைக் படத்தை அழுத்திவிட்டுப் பேசினால் போதுமாம், போன் கேட்டு எழுதிக்கொள்ளுமாம். தமிழே எழுதுமாம். பார்க்கலாம். இந்த வசதி பன்னிரண்டாயிரம் போனிலும் இருக்கிறதாம். அதைப் பர்வீன் சொல்லவே இல்லை.

ஜெசிந்தா டீச்சர் நேற்று வந்தார். சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் போட்டாயிற்று, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். டீச்சர் வேறு ஸ்கூலில் சேர மாட்டேன் என்றார். நான்தான் அதட்டி, மேலரத வீதியில் இருக்கும் ஸ்கூலில் சேரச் சொன்னேன். இனிமேல் யார் காலையும் பார்க்கக் கூடாது, ரோட்டை மட்டும் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அழுதுகொண்டே போனார்.

அயிலை சாளை மீனு மீனேய்.

வாசலில் மீன்காரன் போகிறான். அதையும் எழுதிவிட்டதா என்று தெரியவில்லை. யார் பேசினாலும் எழுதும் போலிருக்கிறது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. டைரியில் எழுதும்போது எதை எழுதினேன், எதை விட்டேன் என்று யாருக்கும் தெரியாது. இப்போது வாயால் சொன்னால்தான் எழுத்து. சமையல்கட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, உலகம்மாள் நிறுத்திவிட்டாள். பாத்திரச் சத்தமும் இல்லை. நின்று கேட்கிறாள்.

சரி, கேட்கட்டும்.

டாக்டர் அன்றைக்குச் சொன்னது பொதுவான பேச்சு இல்லை. வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. அதற்கும் ஊசி போட வேண்டும் என்றார். கடையில் உலகம்மாள் இடது கண்ணைப் பொத்தியபோதே எனக்குக் கோடு நேராக இல்லை. நேராக இருக்கிறது என்று சொன்னேன். போர்டைக் கழற்றுவதைப் பற்றிக்கூட இப்போது கவலை இல்லை. இந்த முகமெல்லாம் தெரியாமல் போய்விடுமோ என்றுதான் இருக்கிறது. செண்பகம் முகம், இவள் முகம். எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

ஏங்க.

என்னட்டி.

இதைப் போய் போன்கிட்டச் சொல்லுவாகளா. அதைக் கீழ வைங்க. எங்கிட்டச் சொல்லுங்க.